அரபியில் அசிங்கம், துருக்கியில் அபராதம்

கேள்வி இது: "ரியாத்தில் ஆறு வருஷம் இருந்ததால் அரபி ஓரளவு வரும். இப்போது வேலை இஸ்தான்புல்லுக்கு மாறியிருக்கிறது. துருக்கியில் அரபிச் சொற்கள் நிறைய, சமாளித்துவிடலாம் என்று வந்தேன். கெட்ட அர்த்தமுள்ள சொற்கள் மட்டும் காலை வாருகின்றன. என் வேலையைப் பார்த்துவிட்டு மேலாளர் 'ஃபெனா தெயில்' என்றார். அழிவு இல்லை என்கிறாரா? கூட்டத்தில் தேநீரைக் கொட்டிவிட்ட பெண் 'ரெஸில் ஓல்தும்' என்று முகத்தை மூடிக்கொண்டாள். தன்னைத் தானே ஈனப்பிறவி என்று யாராவது சொல்லிக்கொள்வார்களா? அசிங்கம், கேடு பற்றிய அரபிச் சொற்கள் துருக்கிக்குள் வந்ததும் ஏன் இப்படி மாறிப் போயின?"

முதலில் சுருக்கமான பதில். அரபியில் இந்தச் சொற்களில் பல ஒரு மனிதனின் குணத்தையோ, ஒரு செயலின் தன்மையையோ சொல்பவை. துருக்கியர் அவற்றை எடுத்துத் தெருவில் நிறுத்திவிட்டார்கள். ஆள் உள்ளே எப்படி என்பது போய், நாலு பேர் கண்ணில் எப்படி நிற்கிறான் என்பது வந்துவிட்டது. எல்லாச் சொல்லும் இந்த வழியில் போகவில்லை, போகாதவற்றையும் சொல்கிறேன்.

இனி கதை. கலீஃபா ஹாரூன் ரஷீதுக்கு ஒருநாள் பொழுது போகவில்லை. கவிஞன் அபூ நுவாஸைக் கூப்பிட்டு, "ஒரு தப்புச் செய். அதற்குச் சமாதானமும் சொல். சமாதானம் தப்பைவிட அசிங்கமாக இருக்க வேண்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து ஹாரூன் படியேறிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த அபூ நுவாஸ் அவரை நறுக்கென்று கிள்ளினான். எங்கே கிள்ளினான் என்று சொல்ல வேண்டியதில்லை. கலீஃபா சீறித் திரும்பினார். "மன்னிக்க வேண்டும் எஜமானே, மகாராணி சுபைதா என்று நினைத்துவிட்டேன்!"

நடந்ததா இல்லையா என்று கேட்காதீர்கள், நாட்டுப்புறக் கதை. துருக்கியில் இதையே இன்ஜிலி சாவுஷ் என்ற அரண்மனை விகடர் சுல்தானிடம் செய்ததாகச் சொல்வார்கள். எனக்கு வேண்டியது கதையிலிருந்து வந்த பழமொழி. அரபியில் அது "உத்ருன் அக்பஹு மின் தன்ப்", அதாவது பாவத்தைவிட அசிங்கமான சமாதானம். துருக்கியில் "ஒஸ்ரு கபாஹதின்தென் பியூயுக்", அதாவது சமாதானம் அவன் தப்பைவிடப் பெரிது. கவனித்துப் பாருங்கள். அரபியில் 'அக்பஹ்' என்பது 'இன்னும் அசிங்கமான' என்ற அடைமொழி. துருக்கியில் அதே வேர் இடம் மாறி, 'கபாஹத்' என்று தப்பே ஆகிவிட்டது. அசிங்கம் போய்விட்டது, அளவு வந்துவிட்டது. ஒரே கதை, ஒரே வேர், ஆனால் அரபி அசிங்கத்தை ஒப்பிடுகிறது, துருக்கி நீள அகலம் பார்க்கிறது.

(ஒலிபெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை: நான் 'ரெஸில்', 'ஃபஸிலெத்' என்று எழுதும் இடங்களில் 'ஸ' அதிர்ந்து ஒலிக்க வேண்டும். தமிழ் எழுத்தில் அதற்கு வழியில்லை.)

அந்த வேரைக் கொஞ்சம் தோண்டலாம். அரபியில் 'ஹஸன்' என்றால் அழகானதும் அதுதான், நல்லதும் அதுதான். அதன் எதிர்ப்பதம் 'கபீஹ்': பார்க்கச் சகிக்காததும் அதுதான், செய்யத் தகாததும் அதுதான். நம் 'அசிங்கம்' கிட்டத்தட்ட இப்படிப்பட்ட சொல்தான். சுவரும் அசிங்கமாக இருக்கும், பேச்சும் அசிங்கமாக இருக்கும், நாலு பேர் முன்னால் திட்டு வாங்கினால் 'அசிங்கமாப் போச்சு' என்றும் சொல்வோம். அந்த மூன்றாவதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 'ரெஸில்' வரும்போது தேவைப்படும்.

ரியாத்தில் நீங்கள் 'கபீஹ்' அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். அங்கே 'ஸேன்', அதாவது நல்லது, என்பதற்கு எதிராக 'ஷேன்' என்பார்கள். கெய்ரோவில் அழகில்லாததற்கு 'விஹிஷ்' என்பார்கள். 'கபீஹ்' முதல் ஒலி விழுந்து 'அபீஹ்' ஆகி, வாயைத் திறந்தால் ஆபாசம் பேசுகிறவனைக் குறிக்கும். ஆக அரபியர் பேச்சிலேயே இந்தச் சொல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் ஏட்டு அரபியில் அதற்குக் கனம் அதிகம். குர்ஆனில் இந்த வேர் ஒரே ஒரு இடத்தில், 28ஆம் அத்தியாயத்தின் 42ஆம் வசனத்தில், எகிப்து மன்னன் ஃபிர்அவ்னின் கூட்டத்தாருடைய மறுமைக் கதியைச் சொல்லும்போது வருகிறது. பிற்காலத்து இறையியலாளர்கள் இதை வைத்துப் பல நூற்றாண்டு சண்டை போட்டார்கள். ஒரு செயல் அசிங்கமானது என்பதை மனித அறிவே கண்டுகொள்ளுமா, அல்லது இறைவன் தடுத்ததால்தான் அது அசிங்கமா? முஃதஸிலாக்கள் என்ற பிரிவினர் அறிவே கண்டுகொள்ளும் என்றார்கள். அஷ்அரிகள் என்ற எதிர்ப் பிரிவினர் இறைச் சட்டம் சொன்னால்தான் என்றார்கள். சமர்கந்தில் வாழ்ந்து 944இல் மறைந்த இமாம் மாத்துரீதி, அறிவுக்கும் அதில் இடம் உண்டு என்று நடுவில் நின்றார். துருக்கியர் பெரும்பாலும் அவர் வழி. அவர்களுடைய சமய நூல்களில் இந்த விவாதத்துக்குப் பெயரே 'ஹுசுன் குபுஹ்', அழகும் அசிங்கமும்.

இவ்வளவு பாரத்தைத் தலையில் சுமந்த வேர் கடைசியில் எங்கே வந்து சேர்ந்தது தெரியுமா? இஸ்தான்புல்லில் தடை செய்த இடத்தில் சிகரெட் பற்ற வைத்தால் கிடைக்கும் அபராதச் சீட்டில்.

1858இல் உஸ்மானியப் பேரரசு பிரெஞ்சுச் சட்டத்தைப் பார்த்து ஒரு குற்றவியல் சட்டம் எழுதியது. பிரெஞ்சில் குற்றங்கள் மூன்று தரம். உஸ்மானியர் பெரியதற்கு 'ஜினாயெத்', நடுத்தரத்துக்கு 'ஜுன்ஹா', சில்லறைக்கு 'கபாஹத்' என்று பெயர் வைத்தார்கள். எகிப்தின் சட்டமும் இதே மூன்று தரத்தை வைத்துக்கொண்டது. முதல் இரண்டு சொல்லும் அங்கேயும் அவைதான். மூன்றாவதுக்கு மட்டும் அவர்கள் 'முகாலஃபா', அதாவது விதிமீறல், என்று போட்டார்கள். அரபி தாய்மொழியாக உள்ளவனுக்குச் சாலையில் குப்பை போட்டதைப் போய்க் 'கபீஹ்' வேரில் சொல்ல மனம் வராது. அந்த வேரில் அவனுக்கு இன்னும் நாற்றம் அடிக்கிறது. துருக்கியனுக்கு அடிக்கவில்லை. கடன் வாங்கிய சொல்லில் இது ஒரு வசதி.

1926இல் துருக்கிக் குடியரசு இத்தாலியச் சட்டத்தைத் தழுவிப் புதிய தண்டனைச் சட்டம் எழுதியபோதும் 'கபாஹத்' நீடித்தது. 2005 ஜூன் 1 அன்று இன்னொரு புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சில்லறைக் குற்றங்களை அதிலிருந்து எடுத்துத் தனிச் சட்டமாக்கி அதற்கு 'கபாஹத்லெர் கானுனு' என்றே பெயர் வைத்தார்கள். எண் 5326. உள்ளே என்ன இருக்கிறது? பிச்சை எடுப்பது, சூதாடுவது, குடித்துவிட்டு அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுப்பது, கூச்சல் போடுவது, குப்பை கொட்டுவது, அனுமதி இல்லாமல் போஸ்டர் ஒட்டுவது. நம்மூர் மாநகராட்சி ஆள் பார்த்தால் பெருமூச்சு விடுவார்.

பேச்சில் 'கபாஹத்' என்றால் 'தப்பு யார் மேல்' என்ற கணக்குதான். அவர்கள் பழமொழி ஒன்று: கபாஹத் சமூர்த் தோல் அங்கியாகவே இருந்தாலும் யாரும் அதைத் தோளில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். சமூர் என்பது வட தேசத்துக் குளிர்ப் பிராணி. அதன் தோல் அங்கி சுல்தான்கள் பரிசாகப் போர்த்துவது. அவ்வளவு விலையுள்ள அங்கியாகத் தப்பு வந்தாலும் 'என்னுடையது' என்று கையை நீட்ட ஆளிருக்காது.

இப்போது 'ரெஸில்'. அரபியில் 'ரதீல்' என்றால் கீழ்த்தரமானவன். 'ரதீலா' என்றால் தீய குணம்; 'ஃபளீலா', அதாவது நற்குணம், என்பதற்கு நேர் எதிர். அரபியில் இந்த இரண்டிலும் நடுவில் உள்ள மெய் வேறு வேறு. துருக்கி வாயில் இரண்டும் அதிரும் 'ஸ' ஆகிவிட, 'ரெஸிலெத்', 'ஃபஸிலெத்' என்று எதுகை கூடிவிட்டது. ஏடுகளில் நற்குணமும் தீக்குணமும் ஜோடி சேர்ந்து நடந்தன.

பேச்சில் நடந்தது வேறு. 'ரெஸில் ஓல்மக்' என்றால் நாலு பேர் முன்னால் மானம் போவது. 'ரெஸில் எத்மெக்' என்றால் அடுத்தவனுக்கு அதைச் செய்வது. 'ரெஸாலெத்' என்றால் ஊர் சிரிக்கும் விவகாரம். கால்பந்தில் ஐந்து கோல் வாங்கினாலும் மறுநாள் செய்தித்தாளில் அதே சொல்தான். தேநீர் கொட்டிய அந்தப் பெண் தன் குணத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. 'ரெஸில் ஓல்தும்' என்றால் 'அசிங்கமாப் போச்சு'. சொல்லுக்குச் சொல், உணர்ச்சிக்கு உணர்ச்சி, தமிழில் இதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு கிடையாது. அரபியில் 'ரதீல்' என்றால் செய்தவன் கெட்டவன். துருக்கியில் 'ரெஸில்' ஆனவன் பல நேரம் பாவம், ஒன்றுமே செய்யாதவன்.

இந்தப் புதுப் பொருளோடுதான் சொல் பால்கனுக்குப் போனது. கிரேக்கர் இன்றைக்கும் மானம் போனால் 'ரெஸிலி' ஆனேன் என்பார்கள். பல்கேரியரிடமும் அல்பேனியரிடமும் 'ரெஸில்' உண்டு. அவர்களுக்கு இதன் அரபிப் பொருள் தெரியவே தெரியாது. கெய்ரோவில் 'ரிஸில்' என்றால் தொந்தரவு பிடித்த ஆள், அறுவை. அது இன்னொரு கிளை.

'அயிப்' பற்றி எழுதாமல் இந்தப் பதில் முடியாது. அரபி 'அய்ப்' என்றால் குறை, பழுது. நான் இஸ்தான்புல்லில் படித்த காலத்தில் கடல் கடந்து போகப் படகுதான். ஒரு மாலை கடிக்கோய் போகும் படகில் எதிரே ஒரு பாட்டியும் பேரனும். பையன் செருப்புக் காலைத் தூக்கி எதிர் இருக்கையில் வைத்தான். பாட்டி முதலில் பையனைப் பார்க்கவில்லை. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், யார் யார் கவனிக்கிறார்கள் என்று ஒரு சுற்று. பிறகு குனிந்து பையன் காதில் 'அயிப்' என்றார். சத்தமே இல்லை. கால் இறங்கிவிட்டது. என்னைப் பார்த்து ஒரு மன்னிப்புப் புன்னகை. அகராதி பத்துப் பக்கத்தில் சொல்வதை அந்தப் பாட்டியின் கழுத்து அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டது. பாவம் என்றால் இறைவன் பார்ப்பான். 'அயிப்' என்றால் எதிர் பெஞ்சுக்காரர் பார்க்கிறார்.

இதில் அரபியைக் குறை சொல்ல முடியாது. அரபுத் தாய்மாரும் பிள்ளைகளிடம் 'அய்ப்' என்றுதான் சொல்கிறார்கள், நீங்களே கேட்டிருப்பீர்கள். இந்த மாற்றம் இரண்டு பக்கமும் நடந்தது. ஆனால் துருக்கியர் இதை வைத்து ஒரு அழகான பாசாங்கைக் கண்டுபிடித்தார்கள்: 'அயிப்தர் சொய்லெமெஸி', அதாவது சொல்வது வெட்கம்தான். இதைச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தில் பெருமையடிப்பார்கள். "அயிப்தர் சொய்லெமெஸி, போன மாசம் இன்னொரு வீடு வாங்கினோம்." நம்மூரில் 'பெருமைக்காகச் சொல்லலை' என்று ஆரம்பிப்பவரை அடையாளம் தெரிகிறதா?

பழைய பொருள் செத்துவிடவில்லை என்பதுதான் வேடிக்கை. கடையில் வாங்கிய குளிர்பெட்டி வேலை செய்யாவிட்டால் சட்டப்படி அது 'அயிப்லி மால்'. வெட்கப்படும் சாமான் இல்லை, பழுதுள்ள சாமான். 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம், எண் 6502, இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. சரக்கில் பழுதிருந்தால் வாங்கியவன் திருப்பிக் கொடுக்கலாம் என்பது இஸ்லாமிய வணிகச் சட்டத்தின் பழைய விதி. அந்த 'அய்ப்' அப்படியே வந்து மின்சாரச் சாமான் கடையில் நிற்கிறது. தெரு ஒரு பொருளை எடுத்துக்கொண்டது, நீதிமன்றம் இன்னொன்றைப் பத்திரப்படுத்தியது.

'ஃபாஹிஷ்' விஷயத்திலும் இதே பாகப்பிரிவினை, ஆனால் இங்கே எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அரபி 'ஃபுஹ்ஷ்' என்பதன் அடிப்படை எல்லை மீறல்; பேச்சிலோ செயலிலோ வரம்பு கடந்த அருவருப்பு. 'ஃபாஹிஷ்' என்பது அதன் அடைமொழி. வணிகச் சட்டத்தில் விலையில் அளவுக்கு மீறி ஏமாற்றினால் அது 'கப்ன் ஃபாஹிஷ்'. அஹ்மத் ஜெவ்தெத் பாஷா தலைமையில் 1869 முதல் 1876 வரை தொகுத்த உஸ்மானியச் சட்டக்கோவையான மெஜெல்லெ, 165ஆம் பிரிவில் இதற்குக் கணக்கே போட்டுக் கொடுத்தது: சாமானில் இருபதில் ஒரு பங்கு, கால்நடையில் பத்தில் ஒரு பங்கு, நிலத்திலும் வீட்டிலும் ஐந்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கு மேல் ஏமாந்தால் அது 'ஃபாஹிஷ்'. அதாவது நூறு ரூபாய்ச் சாமானில் ஐந்து ரூபாய் கூட வைத்தாலே வரம்பு மீறல்தான். வீட்டுத் தரகர்களுக்கு அப்போதே நாலு மடங்கு சலுகை.

அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. 'ஃபாஹிஷ் ஃபியாத்' என்றால் அநியாய விலை, 'ஃபாஹிஷ் கிரா' என்றால் அநியாய வாடகை. 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், கடைகள் 'ஃபாஹிஷ்' விலையேற்றம் செய்யக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். ஆக ஆண்பால் வடிவம் விலையோடு ஒட்டிக்கொண்டு பிழைத்தது. பெண்பால் வடிவமான 'ஃபாஹிஷே'? அது பாலியல் தொழில் செய்யும் பெண். குர்ஆனில் 'ஃபாஹிஷா' என்பது செயலின் பெயர். மானக்கேடான காரியம், யார் செய்தாலும். துருக்கி அதைச் செயலிலிருந்து பிடுங்கி ஒரு பெண்ணின் மேல் ஒட்டியது. 'ஃபுஹுஷ்' என்ற சொல்லும் எல்லா வரம்பு மீறலையும் விட்டுவிட்டு அந்தத் தொழிலுக்கு மட்டும் பெயராகிவிட்டது. விலையை ஏற்றியவனுக்கு அடைமொழி, அந்தப் பெண்ணுக்கு ஆயுள் முழுக்கப் பெயர்.

'செஃபில்' சொல்லின் கதையும் அவ்வளவு நியாயமானதில்லை. அரபியில் அந்த வேர் கீழே இருப்பதைச் சொல்லும். ஆளுக்குச் சொன்னால் ஈனன். துருக்கியில் 'செஃபில்' என்றால் வறுமையில் கிடப்பவன், 'செஃபாலெத்' என்றால் கொடிய ஏழ்மை. விக்டர் ஹ்யூகோவின் புகழ்பெற்ற நாவலுக்குத் துருக்கியில் 'செஃபில்லெர்' என்றுதான் பெயர். அரபியில் அதை 'அல் புஅஸா' என்று வேறு வேரிலிருந்து பெயர்த்தார்கள். 'செஃபில்' வேரிலேயே பெயர் வைத்திருந்தால் அட்டையைப் பார்த்த அரபி வாசகன் அயோக்கியர்களைப் பற்றிய கதை என்று நினைத்திருப்பான். தாழ்ந்த குணம் தாழ்ந்த நிலை ஆனது. ஏழையை ஈனன் என்றே பார்த்த கண்ணின் மிச்சம் இதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். மொழியியலாளர் சிலர் சும்மா பொருள் நகர்வு என்பார்கள்.

இதற்கு ஒலியில் அண்ணன் தம்பி போல ஒரு சொல் உண்டு: 'செஃபிஹ்'. அரபியில் மடையன், காசின் அருமை தெரியாதவன். துருக்கியில் குடி, கூத்து என்று ஊதாரியாகத் திரிபவன். 'செஃபாஹத்' என்றால் அந்த வாழ்க்கை. 'செஃபாஹத்' முடியும் இடத்தில் 'செஃபாலெத்' தொடங்கும் என்று ஓர் எழுத்தில் சிலேடை போடத் தோதானது. 'இக்ராஹ்' ரியாத்தில் கட்டாயப்படுத்துதல். மதத்தில் கட்டாயம் இல்லை என்ற வசனத்தில் வருவது. துருக்கி நீதிமன்றத்தின் பழைய மொழியிலும் அதுவேதான். சாப்பாட்டு மேசையில் 'இக்ராஹ்' என்றால் குமட்டல், அருவருப்பு. 'கபீத்', அதாவது தீயது, துருக்கி வாயில் 'ஹபிஸ்' ஆனாலும் பொருள் இரண்டு மொழியிலும் கிட்டத்தட்ட ஒன்றே: 'ஹபிஸ் உர்' என்று மருத்துவர் சொன்னால் புற்றுக்கட்டி. அது மாறவில்லை, மாறாததால் சொல்ல அதிகமும் இல்லை.

'மூஸ்தெஹ்ஜென்' மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டியது. இன்று துருக்கித் தண்டனைச் சட்டத்தின் 226ஆம் பிரிவில் ஆபாசத்துக்கு இதுதான் சொல். இதன் அரபி வேரிலிருந்துதான் 'ஹஜீன்' வருகிறது: அரபுத் தந்தைக்கும் அரபியல்லாத தாய்க்கும் பிறந்தவன், கலப்பினக் குதிரை. கலப்பு என்றாலே இழுக்கு என்ற பழங்குடிப் பார்வை. அந்த இழுக்கைக் கண்டு முகம் சுளிக்கத்தக்கது 'முஸ்தஹ்ஜன்'. துருக்கி அந்த முகச்சுளிப்பை மட்டும் எடுத்து ஆபாசம் ஆக்கிக்கொண்டது. இதே வேரின் 'ஹெஜின்' துருக்கியில் என்ன தெரியுமா? ஒற்றைத் திமில் ஒட்டகம். ஆபாசப் படமும் சவாரி ஒட்டகமும் ஒரே வேர். அரபியில் இப்போது 'ஹஜீன்' என்றால் பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் கார். குதிரை, ஒட்டகம், கார் என்று அது ஒழுங்காகத்தான் போயிருக்கிறது.

இனி உங்கள் மேலாளர். 'ஃபெனா' அரபி 'ஃபனா'தான், அழிவு. சூஃபிகள் இறைவனில் தன்னை அழித்துக்கொள்வதை 'ஃபனா' என்றார்கள். கொன்யாவில் மௌலானா ரூமியின் வழிவந்தவர்கள் வாயில் அது மிக உயர்ந்த சொல். உலகத்துக்கு உஸ்மானியர் சொன்ன பெயர்களில் ஒன்று 'தார் இ ஃபெனா', அழியும் வீடு. அழியக்கூடியது, கெட்டுப்போவது, கெட்டது என்று படி இறங்கி, இன்றைக்கு 'ஃபெனா' என்றால் வெறும் 'மோசம்'. 'ஃபெனாலஷ்தி' என்று செய்தியில் வந்தால் ஆள் மயங்கி விழுந்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று பொருள். இளவட்டங்கள் 'ஃபெனா குஸெல்' என்பார்கள்: மோசமான அழகு, நம் 'பயங்கர அழகு' மாதிரி. இறையில் கரைதல் என்ற சிகரத்திலிருந்து சீரியல் நடிகை வரை ஒரே சொல் இறங்கிவிட்டது. 'ஃபெனா தெயில்' என்றால் 'பரவாயில்லை'.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. துருக்கியரிடம் சொந்தமாகக் கெட்ட சொல் இல்லையா, ஏன் இவ்வளவு கடன்? இருந்தது. 'யாவுஸ்' பழைய துருக்கியில் கெட்டவன். பிறகு அது கடுமையானவன், அஞ்சாதவன் என்று ஏறி, 1512 முதல் 1520 வரை ஆண்ட முதலாம் செலிம் சுல்தானுக்குப் பட்டப்பெயராகவே ஆகி, இன்று பையன்களுக்கு வைக்கும் பெயர். 'யமான்' என்பதும் அப்படியே. உஸ்பெக்கிலும் கஸாக்கிலும் இன்றைக்கும் அது 'கெட்ட'. துருக்கியிலோ 'யமான் ஆள்' என்றால் கில்லாடி. நல்ல மணத்தைச் சொன்ன நம் 'நாற்றம்' கீழே இறங்கியது. அவர்களுடைய கெட்ட சொற்கள் மேலே ஏறி அரண்மனைக்குப் போய்விட்டன. 'கொத்து' என்ற துருக்கிச் சொல் மட்டும் பழைய வேலையில் நிற்கிறது. காலியான மற்ற இடங்களுக்கு வெளியாட்கள் வந்தார்கள். 'அழகில்லாத' என்பதற்கு இன்று துருக்கியர் சொல்லும் 'ச்சிர்கின்' பாரசீகம். சீழும் அழுக்கும் பிடித்தது என்பது அதன் மூலப்பொருள்.

அரபிச் சொற்களிலும் பல பாரசீகம் வழியாகத்தான் வந்தன. அடையாளம் சுலபம். அருள்வளம் என்ற பொருளில் அரபியர் பேச்சில் 'பரகா' என்று முடிவது துருக்கியில் 'பெரெகெத்'. எங்கள் வீட்டில் 'பரக்கத்து'. எங்களுக்கும் துருக்கியருக்கும் அந்தக் கடைசி 'த்' ஒரே பாரசீகக் கடையில் வாங்கியது. அதேபோல் அரபியில் கடைசியில் இரண்டு மெய் சேர்ந்து நின்றால் துருக்கியர் நடுவில் ஓர் உயிரைச் செருகுவார்கள்: 'அய்ப்' 'அயிப்' ஆனது, 'ஃபுஹ்ஷ்' 'ஃபுஹுஷ்' ஆனது, 'அஸ்ல்' 'அசில்' ஆனது. தமிழில் 'அசல்', 'நகல்' என்கிறோமே, அதே சிகிச்சை.

கடன் வாங்கிய சொல் பொருள் மாறுவதில் நாம் ஒன்றும் துருக்கியருக்கு இளைத்தவர்கள் இல்லை. 'தக்ரார்' அரபியில் திரும்பச் செய்தல். துருக்கியில் 'தெக்ரார்' என்றால் 'மறுபடியும்'. வகுப்பில் ஆசிரியர் நாளுக்கு இருபது தடவை சொல்வார். உருது வழியாகத் தமிழுக்கு வந்தது 'தகராறு'. சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தால் கடைசியில் அதுதானே நடக்கும். 'மஃமூல்' வழக்கமாகச் செய்யப்படுவது. 'மாமூல்' வாங்குகிறவர் யார் என்று உங்களுக்கே தெரியும். சென்னையில் 'பேமானி' என்று திட்டுகிறவருக்கு அதற்குள் 'ஈமான்', அதாவது இறைநம்பிக்கை, இருப்பது தெரியாது. பாரசீக 'பே' முன்னால் நின்று இல்லை என்கிறது.

துருக்கியர் அந்த 'இல்லை'யைப் பின்னால் வைப்பார்கள், தங்கள் சொந்த விகுதியான 'சிஸ்', 'சுஸ்' போட்டு. இதுதான் அவர்களுடைய வசைகளின் தொழிற்சாலை. நற்குணத்தை அரபியிலிருந்து வாங்கு, இன்மையை வீட்டிலிருந்து ஒட்டு: 'எதெப்சிஸ்' (மரியாதை இல்லாதவன்), 'அஹ்லாக்சிஸ்' (ஒழுக்கம் இல்லாதவன்), 'நாமுஸ்சுஸ்' (நேர்மை இல்லாதவன்), 'ஷெரெஃப்சிஸ்' (மானம் இல்லாதவன்). 'மரியாதை கெட்டவன்' என்று நாம் செய்யும் அதே கட்டுமானம். 'மரியாதை கெட்டவன்' என்று நாம் செய்யும் அதே கட்டுமானம். அந்தத் துருக்கி வசைகளில் 'ஷெரெஃப்சிஸ்' என்ற சொல்லை விளையாட்டுக்கும் சொல்லிவிடாதீர்கள். மானமில்லாதவன் என்பதைத் துருக்கியில் அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கை நீண்டுவிடும்.

1928இல் எழுத்து மாறியது. 1932இல் மொழிக் கழகம் தொடங்கி அரபி, பாரசீகச் சொற்களை வரிசையில் நிறுத்தி வெளியேற்றினார்கள். நற்குணத்துக்கு இருந்த 'ஃபஸிலெத்' இடத்தில் 'எர்தெம்' என்ற பழந்துருக்கிச் சொல்லைத் தூசி தட்டி வைத்தார்கள், நன்றாகவே பிடித்துக்கொண்டது. குற்றத்துக்கு இருந்த 'ஜுரும்' போய் 'சுச்' வந்தது. ஆனால் ரெஸில், ரெஸாலெத், அயிப், கபாஹத், ஃபெனா, ஷெரெஃப்சிஸ் ஒன்றும் அசையவில்லை. நற்குணத்தைப் பற்றி மேடையில் பேசுவார்கள், மேடைப் பேச்சைக் கமிட்டி திருத்த முடியும். பஸ்ஸில் காலை மிதித்தவனைத் திட்டும்போது யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை.

கடைசியாக உங்களுக்கு உதவும் ஒன்று. 'தெர்பியெசிஸ்' என்றால் வளர்ப்புச் சரியில்லாதவன். 'தெர்பியெ' அரபி 'தர்பியா', வளர்ப்பு. உணவகத்தில் சூப் பட்டியலில் 'தெர்பியெலி' என்று பார்த்தால், ஒழுக்கமான சூப்பா என்று நான் முதல் தடவை திகைத்த மாதிரி திகைக்காதீர்கள். முட்டை மஞ்சள் கருவையும் எலுமிச்சைச் சாற்றையும் அடித்து ஊற்றிக் கெட்டியாக்கியது. பரிமாறுகிறவரிடம் அது இல்லாமல் வேண்டும் என்றால் 'தெர்பியெசிஸ் ஓல்சுன்' என்று தயங்காமல் சொல்லலாம், சூப்பைத்தான் சொல்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள். பட்டியலைக் காட்டிச் சொல்லுங்கள்.